காத்தை அளக்குற சாட்டிலைட்டுக்குள்ள ஆக்சிஜன் டேங்க் எதுக்கு?

முட்டம் பையன்:
எல்லாருக்கும் வணக்கம். எம்எஸ்சி பிசிக்ஸ் ரெண்டாவது வருஷம். அடுத்த வாரம் செமினார், ஏயோலஸ் சாட்டிலைட்ட எடுத்திருக்கேன். ஐரோப்பாக்காரங்க 2018 ஆகஸ்ட்ல விட்டது, 320 கிலோமீட்டர் உயரத்துல இருந்து அல்ட்ராவயலட் லேசர கீழ அடிச்சு, காத்துல பட்டு திரும்பி வர்ற வெளிச்சத்தோட டாப்ளர் ஷிஃப்ட்ட, அதாவது ஃப்ரீக்வன்சி எவ்ளோ மாறியிருக்குங்கிறத வச்சு காத்து எவ்ளோ வேகமா அடிக்குதுன்னு கண்டுபிடிக்கும், அது வரைக்கும் புரியுது. ஆனா அந்த லேசருக்குன்னு ஆக்சிஜன் டேங்க் வச்சு அனுப்புனாங்களாம், அங்க மாட்டிக்கிட்டேன். ஆளே போகாத சாட்டிலைட்டுக்கு ஆக்சிஜன் எதுக்குங்க? அப்புறம் 2007ல விட வேண்டியது 11 வருஷம் லேட்டாம். அவ்ளோ நாள் டெஸ்ட் பண்ண அப்படி என்ன இருக்கு? ஹெச்ஓடி கேட்டா முழிப்பேன், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வேக்குவம் வேலு:
தம்பி, உன் ரெண்டு கேள்விக்கும் பதில் ஒன்னுதான். புது கார வெயில்ல நிறுத்திட்டு கதவ திறந்தா ஒரு வாசனை வரும்ல, பிளாஸ்டிக்கும் பசையும் ஆவியா விடுறதுதான் அது, கொஞ்ச நாள் கழிச்சு பாத்தா முன்கண்ணாடி உள்பக்கம் புகை மாதிரி படிஞ்சிருக்கும். சாட்டிலைட்லயும் வயர் உறை, பசைன்னு எல்லாம் இருக்கு, வேக்குவத்துல இன்னும் தாராளமா ஆவி விடும். சாதா கேமராவா இருந்தா லேசா மங்கும், அவ்ளோதான். ஆனா இங்க செகண்டுக்கு 50 தடவை 355 நானோமீட்டர் லேசர் பல்ஸ் அடிக்குது. அந்த ஆவி மாலிக்யூல் லென்ஸ் மேல வந்து உக்காந்ததும் யூவி அத உடைச்சு கரியாக்கி, பீம் படுற அதே இடத்துல ஒட்ட வச்சிரும். கரி படிஞ்சா அங்க சூடு ஏறும், சூடு ஏறுனா கண்ணாடி மேல இருக்க பூச்சு போச்சு.

சாதா காத்துல வச்சு ஓட்டுனப்ப இதெல்லாம் வெளிய தெரியல, ஏன்னா சுத்தி இருக்க ஆக்சிஜன் அந்தக் கரிய அப்பப்ப எரிச்சு கார்பன் டை ஆக்சைடா அனுப்பிட்டு இருந்துச்சு, நமக்கே தெரியாம ஒருத்தன் வீட்ட கூட்டிப் பெருக்கிட்டு போற மாதிரி. வேக்குவத்துல வச்சதும் பெருக்குறவன் இல்ல, லேசர் பவர் இறங்க ஆரம்பிச்சிருச்சு. கடைசியில என்ன பண்ணாங்கன்னா அந்தப் பெருக்குறவனையே கூட அனுப்பிட்டாங்க, லேசர் பெட்டிக்குள்ள துளியூண்டு ஆக்சிஜன விட்டுட்டே இருக்கணும்னு. நாம மூச்சு விடுற காத்தோட அழுத்தத்துல ஆயிரத்துல ஒரு பங்கு கூட இல்ல, அது போதும்.

ஹெச்ஓடி "அப்போ இன்ஃப்ராரெட் லேசர் போட வேண்டியதுதானே"ன்னு நிச்சயம் கேப்பார். தூசியே இல்லாத மேல் காத்துல மாலிக்யூல்தான் வெளிச்சத்த திருப்பி அனுப்பணும், ராலே ஸ்கேட்டரிங், அலைநீளம் குறைய குறைய நாலாவது அடுக்குல கூடும். அதான் யூவி. காத்து 1 மீட்டர் பர் செகண்ட் மாறுனா ஷிஃப்ட் 5.6 மெகாஹெர்ட்ஸ்தான், லேசரோட ஃப்ரீக்வன்சியோ 845 டெராஹெர்ட்ஸ். இத போர்டுல எழுதிப் போட்டேன்னா பாதி கேள்வி வராது.

நான் முன்ன வேலை பாத்த ஒரு லேப்ல ரெண்டு நாளா பம்ப் ஓடுது, சேம்பர் பிரஷர் இறங்கவே மாட்டேங்குது, லீக் எங்கன்னு தேடித்தேடி கடைசியில பாத்தா உள்ள ஒரு வயர புண்ணியவான் ஒருத்தர் சாதா செல்லோ டேப் போட்டு கட்டி வச்சிருக்காரு. ஒரு சாண் டேப்புங்க.

ராப்பறவை:
எல்லாம் சரி வேலு அண்ணே, ஆனா 11 வருஷம் ரொம்ப ஓவர். நம்ம ஆளுங்கள பாருங்க, ஓஷன்சாட்-2 2009ல போச்சு, அதுல கடல் மேல காத்த அளக்குற ஸ்கேட்டரோமீட்டர் 2014ல நின்னுச்சு, அதுக்கு பதிலா 2016 செப்டம்பர்ல ஸ்கேட்சாட்-1 மேல போயாச்சு. ரெண்டரை வருஷம்! இதே ஐரோப்பாவா இருந்தா இன்னும் மீட்டிங் போட்டுட்டு இருப்பாங்க.

வேக்குவம் வேலு:
ராப்பறவை, ஸ்கேட்டரோமீட்டர் ஏற்கனவே ஓடிக் காட்டுன ஐட்டம், அது ரேடார், லேசரே கிடையாது. காத்து அளக்குற லேசர் இவங்களுக்கு முன்னாடி யாருமே ஆர்பிட்டுக்கு அனுப்பல. மொத தோசையையும் பத்தாவது தோசையையும் ஒரே கடிகாரத்துல அளக்காதய்யா. ஆனா ஒன்னு, ஆரம்பத்துலயே வேக்குவத்துல வச்சு நல்லா ஓட்டிப் பாத்திருந்தா பல வருஷம் மிச்சமாயிருக்கும்ங்கிறது என் கருத்து, அதுல உன் பக்கம்தான்.

தேங்காச்சில்லு:
டெஸ்ட் பண்றதுலயே விழுந்த கதை ஒன்னு சொல்லவா. அமெரிக்காவோட வானிலை சாட்டிலைட் நோவா-19, 2003 செப்டம்பர் 6, கலிஃபோர்னியா சன்னிவேல் ஃபேக்டரில சாட்டிலைட்ட ஒரு வண்டில வச்சு சாய்க்கிறாங்க, அப்படியே சரிஞ்சு தரையில விழுந்துருச்சு. அந்த வண்டியோட தட்டுல இருந்த 24 போல்ட்ட வேற டீம் வேற வேலைக்கு கழட்டிட்டு போயிருக்கு, எழுதி வைக்கல, இவங்களும் போல்ட் இருக்கான்னு பாக்காமலே செக்லிஸ்ட்ல கையெழுத்து போட்டிருக்காங்க. சரி பண்ண மட்டும் 13.5 கோடி டாலர். ஆனா பாருங்க, சரி பண்ணி 2009ல விட்டாங்க, 2025 வரைக்கும் ஓடுச்சு. கூகுள் பண்ணா ஃபோட்டோ கிடைக்கும், குப்புற கிடக்குறத பாத்தா பாவமா இருக்கும்.

முட்டம் பையன்:
வேலு அண்ணே கோடி நன்றி, அந்த பெருக்குறவன் உதாரணத்த அப்படியே சுட்டுக்குறேன். 24 போல்ட் கதையும் ஒரு ஸ்லைடு. கடைசியா ஒன்னு, 2023ல ஏயோலஸ கீழ இறக்கிட்டாங்களே, ஆக்சிஜன் தீந்து போனதாலயா?

வேக்குவம் வேலு:
இல்லப்பா, எரிபொருள். 320 கிலோமீட்டர்ல காத்து இன்னும் லேசா இருக்கு, அது இழுத்துட்டே இருக்கும், அப்பப்ப தள்ளி மேல ஏத்தணும். மூணு வருஷத்துக்குன்னு அனுப்புனது கிட்டத்தட்ட அஞ்சு வருஷம் ஓடுச்சு. நடுவுல மொத லேசரோட பவர் இறங்கி, 2019ல ரெண்டாவது லேசருக்கு மாத்துனாங்க, இதையும் ஸ்லைடுல போடு, ஆக்சிஜன் வச்சதோட எல்லாம் சுபம்னு சொல்லிறாத. மிச்சமிருந்த எரிபொருள வச்சு 2023 ஜூலை 28 அண்டார்டிகா பக்கமா இறக்கிட்டாங்க.

அப்புறம் இன்னொன்னு, தென் அமெரிக்காவுல இருக்க பிரெஞ்சு கயானாவுக்கு ராக்கெட்ல ஏத்த கொண்டு போனப்ப விமானத்துல அனுப்பல, கப்பல். விமானம் இறங்குறப்ப காத்து அழுத்தம் மாறும்ல, அது கருவிக்கு ஆகாதுன்னு பயம். காத்த அளக்கப் போறவனுக்கு போற வழியில காத்தே ஆகலன்னு செமினார்ல சொல்லிப் பாரு, ஹெச்ஓடி சிரிச்சா தப்பிச்ச.