பழைய டீமை விட்டு வந்து நாலு மாசமாச்சு, ஓடிபி மட்டும் இன்னும் என் போனுக்கே வருது

ஒரகடம்காரி:

ஒரகடத்துல ஒரு வாகன உதிரிபாக கம்பெனியில ஒன்பது வருஷம் அக்கவுன்ட்ஸ்ல இருந்தேன். ஜிஎஸ்டி, டிடிஎஸ், இ-வே பில் (சரக்கு வண்டி கிளம்ப போர்ட்டல்ல எடுக்கிற மின்னணு பில்) மூணும் என் பொறுப்பு. ஜூன் மாசம் அதே கம்பெனியில இன்டர்னல் ஆடிட்டுக்கு மாத்தல் கேட்டு வாங்கினேன். சீட் ஒரு மாடி மேல போச்சு. வேலை இன்னும் கீழ்மாடியிலயேதான் நிக்குது.

என் இடத்துக்கு வந்த தம்பி நல்ல பையன். ஆனா 11-ஆம் தேதி விற்பனைக் கணக்கு குடுக்கிற ஜிஎஸ்டிஆர்-1, 14-ஆம் தேதி சப்ளையர்கள் ஏத்தின பில்லைக் காட்டுற 2பி வந்ததும் பர்ச்சேஸ் கணக்கோட ஒத்துப் பாக்குறது, 20-ஆம் தேதி வரி கட்டுற 3பி ரிட்டர்ன்னு எந்தத் தேதி வந்தாலும் "அக்கா, ஒரு நிமிஷம்"னு போன் வரும். அந்த ஒரு நிமிஷம் முக்கால் மணி நேரம் ஓடும். எந்த சப்ளையர் பில்லை லேட்டா ஏத்துவார், அவங்க ஆபீஸ்ல யாரைப் பிடிச்சா வேலை நடக்கும், என் எக்செல்ல மஞ்சள் கலர் எதுக்கு, எல்லாம் கேப்பான். ஆறு பக்கத்துக்கு எழுதிக் குடுத்துட்டுத்தான் வந்தேன். அதைப் புரட்டுறதைவிட போன் போடுறது சுலபமா இருக்கு.

அதைக்கூடப் பொறுத்துக்குவேன். ராத்திரி வர்ற ஓடிபிதான் தாங்க முடியல. இன்வாய்ஸ் போட்டுப் போற சரக்குக்கு எங்க சிஸ்டமே இ-வே பில் எடுத்துடும். புதுச்சேரிக்கு பிளேட்டிங்குக்கு (முலாம் பூச) போற ஜாப் ஒர்க், அதாவது வெளியில குடுத்து வேலை செஞ்சு வாங்குற சரக்கோட சலானுக்கு மட்டும் போர்ட்டல்ல கையால போடணும். வேற மாநிலத்துக்கு ஜாப் ஒர்க் போற சரக்குக்கு மதிப்பு எவ்வளவு கம்மியா இருந்தாலும் பில் வேணும். லாகின் பண்ணா ஓடிபி என் நம்பருக்கு வரும்.

போன வியாழன் ராத்திரி 10.40-க்கு லோடு ஏத்தின வண்டி கேட்ல நின்னிருக்கு. நான் ஆஸ்பத்திரியில மாமியார் பக்கத்துல இருந்தேன், போன் சைலன்ட்ல. 11.15-க்கு எடுத்துப் பாத்தா 17 மிஸ்டு கால். மறுநாள் காலையில பழைய மேனேஜர் சார், "நீ இருந்த வரைக்கும் ஒரு தடவைகூட வண்டி நின்னதில்லையேம்மா"ன்னார். கோபமா சொல்லல, வருத்தமாத்தான் சொன்னார். அதான் இன்னும் நெஞ்சுல நிக்குது. 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்தப்போ ராத்திரி பத்து மணி வரைக்கும் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தவர் அவர்.

அவர் மனசு நோகாம இதை எப்படி நிறுத்துறது?

கோவை மில்காரர்:

சகோதரி, நான் ஸ்பின்னிங் மில்லுல புரொடக்‌ஷன் பிளானிங்ல இருந்து பர்ச்சேஸுக்கு மாறினவனுங்க. எட்டு மாசம் ரெண்டு வேலையும் பார்த்தேன். அப்புறம் புது மேனேஜர்தான் ஒரு நாள் "நீங்க யாரோட ஆளு?"ன்னு கேட்டாருங்க. அந்தக் கேள்வி வர்ற வரைக்கும் விட்டுடாதீங்க.

முதல்ல உங்க புது மேலதிகாரிகிட்ட விஷயத்தைச் சொல்லிடுங்க. பழைய டீமுக்கு வாரத்துல ரெண்டு நாள், சாயங்காலம் நாலு டூ நாலரைன்னு நேரம் குடுங்க. அது எந்த மாசம் முடியுதுன்னு அன்னைக்கே சொல்லிடணுங்க. அந்த அரை மணி நேரமும் பையன் செய்யட்டும், நீங்க பாத்துட்டு மட்டும் இருங்க. மவுஸைத் தொட்டீங்கன்னா திரும்பவும் வேலை உங்க தலையில வந்துடுங்க.

தணிக்கையாளன்:

மேல் சொன்ன யோசனை நல்லதுதான். ஆனால் உங்கள் பதிவில் எனக்குப் பெரிதாகப் பட்டது போன் தொந்தரவு அல்ல. ஓடிபி ஏன் இன்னும் உங்கள் நம்பருக்கு வருகிறது? ஜிஎஸ்டி பதிவில் அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரர் இன்னும் நீங்களா? ரிட்டர்னில் கையெழுத்திடும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (பென்டிரைவ் போன்றது) எங்கே இருக்கிறது?

ஒரகடம்காரி:

ஆமாங்க, நான்தான். டோக்கன் என் பழைய டேபிள் டிராயர்ல. பின் நம்பர் அதுலயே ஒட்டியிருக்கு. நான் வந்த பிறகு போன ரிட்டர்ன் எல்லாமே என் கையெழுத்துலதான் போயிருக்கு. இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்குது.

தணிக்கையாளன்:

முதலில் டோக்கனை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் கையெழுத்துச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்வது சான்றிதழ் வைத்திருப்பவரின் கடமை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 42 அதைத்தான் சொல்கிறது. நாளை 3பி-யில் உள்ளீட்டு வரி (வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) தப்பாக எடுத்திருந்தால், அதன் கீழே இருப்பது உங்கள் பெயர்.

இரண்டாவது, நீங்கள் இப்போது ஆடிட்டர். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக உள்தணிக்கைத் தரநிலைகளின்படி, முந்தைய 12 மாதத்துக்குள் பொறுப்பில் இருந்த ஒரு வேலையை நீங்களே தணிக்கை செய்தால் நடுநிலை கெட்டதாகவே கருதப்படும். அந்தப் பொறுப்பிலிருந்து நீங்கள் இன்னும் வெளியே வரவே இல்லை. பிறகு 12 மாதத்தை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? ஜூனிலிருந்து எண்ண முடியாது என்பதே என் கருத்து.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மேனேஜரைக் கையொப்பதாரராகச் சேர்த்து, அவரையே முதன்மையாக்கி, உங்களை நீக்கச் சொல்லுங்கள். இது அதிகாரியின் ஒப்புதல் தேவைப்படாத வகைத் திருத்தம். இ-வே பில் தளத்தில், சரக்கு அனுப்பும் டிஸ்பேட்ச் பிரிவில் ஷிஃப்டுக்கு ஒருவருக்குத் துணைப் பயனர் கணக்கு திறந்தால், ஓடிபி அவரவர் போனுக்குப் போகும். நள்ளிரவில் உங்களை யாரும் எழுப்ப வேண்டிய தேவையே இருக்காது.

ஷிஃப்ட் பையன்:

அக்கா, நான் அந்தப் பக்கத்து ஆள். எங்க அக்கா வேற பிளான்ட்டுக்குப் போனப்போ நானும் இப்படித்தான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். பயம்தான் காரணம். தப்பு பண்ணா யார் திட்டுவாங்கன்னு தெரியாது, அக்காகிட்ட கேட்டா தப்பு ஆகாதுன்னு தெரியும். ஒரு மாசம் ரிட்டர்ன் முழுக்க என்னையே போட விட்டு, கடைசியில மட்டும் வந்து பார்த்தாங்க. ரெண்டு தப்பு கண்டுபிடிச்சாங்க, திட்டல. அடுத்த மாசம் நான் கூப்பிடல.

ஒரகடம்காரி:

மூணு வாரம் கழிச்சு எழுதுறேன்.

சார்கிட்ட தனியா உக்காந்து பேசினேன். எனக்குக் கஷ்டமா இருக்குன்னு ஆரம்பிக்கல. "சார், நான் ஆடிட்ல இருக்கேன், உங்க ரிட்டர்ன்ல என் கையெழுத்து இருக்கு, நாளைக்கு ரெண்டு பேருக்கும் சிக்கல்"னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் அவரே டிராயரைத் திறந்து டோக்கனை எடுத்துக் குடுத்தார். "என் பேர்ல மாத்தணும்னா நானும் கத்துக்கணுமேம்மா, அதான் தள்ளிப் போட்டுட்டே இருந்தேன்"னார். அவர் அப்படி ஒத்துக்குவார்னு நான் எதிர்பாக்கல. கண்ணு கலங்கிடுச்சு.

டிஸ்பேட்ச்ல மூணு பேருக்குத் துணைக் கணக்கு திறந்தாச்சு. செவ்வாயும் வெள்ளியும் நாலு மணிக்குக் கீழ போறேன், டிசம்பர் கடைசி வரைக்கும். தம்பி ஸ்கிரீன் முன்னாடி, நான் பின்னாடி நாற்காலியில. மவுஸைத் தொடுறதில்லை. மஞ்சள் கலர் எதுக்குன்னு அவனே அந்த ஷீட்லயே எழுதி வச்சுட்டான்.

நேத்து 20-ஆம் தேதி. 3பி சார் கையெழுத்துல போச்சு.