புதுப்பிப்பு: நிரைகளைத் தரப்படுத்தும் ஃபங்ஷன், 3×3 அணிக்கு மட்டும் தப்பான விடை (தீர்ந்தது)

போன வாரம் கேட்டிருந்தேன்: எங்கள் பைத்தான் லைப்ரரியில் அணியின் ஒவ்வொரு நிரையையும் தரப்படுத்தும் (நிரையின் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுக்கும்) ஃபங்ஷன் 4×3 அணிக்கு எரர் தருகிறது, 3×3-க்கு ஓடுகிறது, ஆனால் விடை தப்பு. யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கீப்டிம்ஸை (keepdims, சராசரி எடுத்த பிறகும் பரிமாணங்களின் எண்ணிக்கை குறையாமல் வைக்கும் ஆர்குமெண்ட்) பார்க்கச் சொன்னவர் சொன்னதுதான் சரி. பைத்தானின் எண்கணக்கு லைப்ரரியான நம்பையில் (NumPy) ஆக்ஸிஸ் 1 வழியாக, அதாவது நிரைவாரியாக, சராசரி எடுத்தால் 4×3 அணியிலிருந்து நீளம் 4 உள்ள அரே வரும். பிராட்காஸ்டிங், அதாவது அளவு வேறான அரேக்களைப் பொருத்திக் கணக்கிடும் முறை, கடைசிப் பரிமாணத்திலிருந்துதான் ஒப்பிடும். 3-ம் 4-ம் பொருந்தாது, எரர். 3×3-இல் அளவு பொருந்திவிடுகிறது. அதனால் முதல் நிரையின் சராசரி முதல் நிரலிலிருந்து கழிந்துகொண்டிருந்தது, ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல். கீப்டிம்ஸுக்கு ட்ரூ கொடுத்ததும் சராசரி 4×1 ஆனது, விடையும் சரியானது. இனி சதுர அணியை மட்டும் வைத்துச் சோதிக்கவே மாட்டேன்.

ஃபங்ஷன் வரையறையில் தரவுக்கு அடுத்து நட்சத்திரக் குறி (*) போட்டு, மற்ற ஆர்குமெண்டுகளைப் பெயர் சொல்லியே கொடுக்க வைக்கச் சொன்ன யோசனையும் பெரிய உதவி. போட்டவுடன் எங்கள் கோடிலேயே, பெயர் சொல்லாமல் கொடுத்திருந்த மூன்று இடங்களில் டைப்எரர். எதிர்பார்க்காதது இது: வேறு ஆர்குமெண்டுக்காகக் கொடுத்த ட்ரூ, டிடிஓஎஃப் (ddof, திட்ட விலக்கம் காணும்போது எண்ணிக்கையிலிருந்து எவ்வளவு கழித்து வகுப்பது என்று சொல்லும் ஆர்குமெண்ட்) இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது. பைத்தானில் ட்ரூவும் 1-ஆகவே கணக்காகும். 2, 4, 4, 4, 5, 5, 7, 9-க்குத் திட்ட விலக்கம் 2 வராமல் 2.138 வந்தது அதனால்தான்.

டிடிஓஎஃப்-க்கு இயல்பு மதிப்பு நம்பையில் 0, பைத்தானின் தரவு அட்டவணை லைப்ரரியான பாண்டாஸில் 1. எங்கள் ஃபங்ஷனில் இயல்பு மதிப்பையே எடுத்துவிட்டோம். அழைப்பவர் எழுதியே ஆக வேண்டும்.