ரோடு சைக்கிள் டிஸ்க் பிரேக்கில் ஆயில் கசிவு, எங்கே என்று கண்டுபிடிக்க உதவுங்கள்
பெங்களூரு நண்பர்களே, பின் பிரேக்கில் ஆயில் கசிகிறது. மினரல் ஆயில் வகை. லீவர் ஹேண்டில்பார் வரை போய்விடுகிறது, நாலைந்து முறை அழுத்தினால் கொஞ்சம் இறுகும், அப்புறம் பழைய கதைதான். லீவர் மேலுள்ள ரப்பர் ஹூடைத் தூக்கிப் பார்த்தேன், ஆயில் ஹோஸ் நுழையும் இடம் காய்ந்திருக்கிறது. டிஸ்க்கைப் பேடால் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரைத் துடைத்துவிட்டு லீவரை இழுத்துக் கட்டி ராத்திரி முழுக்க விட்டால் காலையில் அங்கேதான் ஈரம். ஹோஸைக் கேலிப்பரோடு இணைக்கும் பான்ஜோ போல்ட்டின் ஓ-ரிங்கா, பேடைத் தள்ளும் பிஸ்டனின் சீலா, எப்படிப் பிரித்தறிவது? கடையில் கேலிப்பரையே மாற்றச் சொல்கிறார்கள். இன்னொருவர் டாட் 4 (வேறு வகை பிரேக் ஆயில்) ஊற்றச் சொன்னார், அது இந்த சீலை ஊதவைத்துக் கெடுத்துவிடாதா! பேட் ஆயிலைக் குடித்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். அல்சூர் பக்கம் நல்ல மெக்கானிக் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். அதுவரை நந்தி மலை இறக்கத்துக்கு என்னைக் கூப்பிடாதீர்கள்.