மறு: ‘புல்லட் ரயில்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

> ‘தோட்டா ரயில்’ என்றே வைத்துவிடலாமே? எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஐயா. 1940-இல் ஜப்பானியர்கள் போட்ட அதிவேக ரயில் திட்டத்துக்கு அவர்களே வைத்த செல்லப்பெயரும் அதுதான். அது போரில் நின்றுபோனது. 1964 அக்டோபர் 1 அன்று டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே திறந்ததன் பெயர் ஷின்கான்சென். ஷின் என்றால் புதிய, கான் என்றால் அடிமரம், சென் என்றால் தடம். வண்டி என்ற பேச்சே அதில் இல்லை.

அந்த இரு நகரங்களுக்கும் இடையே முன்பே இருந்த டோக்கைடோ ரயில் பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் 1,067 மி.மீ.; நம் மீட்டர் கேஜைவிடச் சற்றே அகலம். சரக்கும் பயணிகளும் அதிலேயே நெரிந்தார்கள். ரயில்வே தலைவர் ஷின்ஜி சோகோவும் தலைமைப் பொறியாளர் ஹிடேயோ ஷிமாவும் 1,435 மி.மீ.யில் தனித்தடம்தான் வேண்டும் என்று உறுதியாக நின்றார்கள். 515 கி.மீ. தூரத்தில் ஒரு லெவல் கிராசிங்கூடக் கிடையாது. மணிக்கு 210 கி.மீ. வேகத்தில் போகும் ஓட்டுநரால் பாதையோரச் சிக்னலைக் கண்ணால் பிடிக்க முடியாது. அதனால் தண்டவாளம் வழியாகவே மின்குறிப்பு வரும். எவ்வளவு வேகம் போகலாம் என்று ஓட்டுநரின் கண்முன்னே காட்டும். மீறினால் பிரேக் தானாக விழும். ஆறரை மணி நேரப் பயணம் முதல் நாளிலேயே நாலு மணி நேரமானது. இத்தனையும் தடத்தின் வேலை. அந்த உழைப்பைத் ‘தோட்டா’ மறைத்துவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

‘அதிவிரைவு ரயில்’ சரிப்படாது. நம்மூர் சூப்பர்ஃபாஸ்ட் வண்டிக்கு அந்தப் பெயரைக் கொடுத்தாயிற்று.

என் பரிந்துரை: விரைதடம். அதில் ஓடுவது விரைதட ரயில். ஷின்கான்சென் சிறப்புப்பெயராக அப்படியே இருக்கட்டும்.

> தடமா விரைகிறது?

விமான நிலையத்து ஓடுபாதை ஓடுகிறதா? உண்கலம் உண்கிறதா? வினைத்தொகை இதற்கெல்லாம் இடம் கொடுக்கும், ஐயா.

அப்புறம் ஒன்று. ஷிசுவோகா பகுதியில் கன்னாமி என்ற ஊர். அங்கே ஒரு குடியிருப்புக்கே ஷின்கான்சென் என்று பெயர். அந்தப் பழைய திட்டத்துக்குச் சுரங்கம் குடைந்த தொழிலாளர்கள் தங்கியிருந்த இடம் அது. வண்டி வருவதற்கு முன்பே தடத்தின் பெயர் மண்ணில் ஒட்டிக்கொண்டது.

வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள்: “டோக்கைடோ விரைதடத்தின் வேலை 1959-இல் தொடங்கியது.” எங்காவது உறுத்தினால் எழுதுங்கள், மாற்றிப் பார்ப்போம்.