45 நாட் படகு யாரைப் பிடிக்க? கடலோரக் காவல்படையின் இன்டர்செப்டர்கள் பற்றி ஒரு விவாதம்

நங்கூரம்:
2024 ஜனவரியில் கடலோரக் காவல்படைக்காக மும்பை மசகான் டாக் கப்பல் கட்டும் தளத்துடன் 14 விரைவு ரோந்துக் கப்பல்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள், 1,070 கோடிக்கு. கோவா ஷிப்யார்டு கட்டிய ‘அதம்யா’ 2025-ல் சேவைக்கு வந்துவிட்டது. அவற்றைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. நான் கேட்பது சின்னப் படகுகளைப் பற்றி. எல் அண்ட் டி மட்டுமே 54 இன்டர்செப்டர், அதாவது துரத்தி மறிக்கிற படகு, கட்டிக் கொடுத்திருக்கிறது. 27 மீட்டர் சொச்சம் நீளம், அலுமினிய உடம்பு, தண்ணீரைப் பின்னால் பீய்ச்சி ஓடும் வாட்டர்ஜெட், 45 நாட் வேகம், அதாவது மணிக்கு 45 கடல் மைல். தரைக் கணக்கில் மணிக்கு 83 கிலோமீட்டர். நம்மூர் விசைப்படகு 8, 10 நாட்டில் போகிறது. இவ்வளவு வேகம் யாரைப் பிடிக்க?

26/11 மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் ஒன்றும் பறந்து வரவில்லை. ‘குபேர்’ என்ற மீன்பிடிப் படகைக் கடலில் பறித்து, மற்றப் படகுகளோடு படகாக மும்பை வரை வந்து, கடைசியில் ரப்பர் படகில் கொலாபா மீனவர் குடியிருப்புப் பக்கம் கரையேறினார்கள். யாரும் துரத்தித் தோற்கவில்லை. வருகிறார்கள் என்றே யாருக்கும் தெரியாது. அந்தச் சம்பவத்தைக் காட்டித்தான் இத்தனை வேகப் படகும் வாங்கினோம்.

ஸ்டார்போர்டு:
குபேரை வைத்து எல்லாவற்றையும் அளக்காதீர்கள் நங்கூரம் சார். 2025 ஏப்ரலில் குஜராத் கடலில் நடந்ததைப் பாருங்கள். குஜராத் ஏடிஎஸ் (பயங்கரவாதத் தடுப்புப் போலீஸ்) தகவல் கொடுத்தது, காவல்படைக் கப்பல் இருட்டில் போய் ஆளைக் கண்டுபிடித்தும் விட்டது. கப்பலைப் பார்த்ததும் கடத்தல்காரர்கள் 300 கிலோவுக்கு மேல் போதைப்பொருளைக் கடலில் கொட்டிவிட்டு பாகிஸ்தான் எல்லையைத் தாண்டி ஓடிவிட்டார்கள். சரக்கு கிடைத்தது, மதிப்பு 1,800 கோடி. ஆள் கிடைக்கவில்லை. ஆரம்பத்திலேயே இடைவெளி அதிகம், எல்லையும் பக்கம். தகவல் இருந்தும் தப்பினார்கள் என்றால் குறை எங்கே?

இன்னொரு பக்கம், 2022 அக்டோபர். குஜராத்தின் ஜக்காவ் அருகே எல்லையை ஒட்டி இரண்டு இன்டர்செப்டர்களை முன்கூட்டியே நிறுத்தினார்கள். ‘அல் சகர்’ என்ற பாகிஸ்தான் படகு 6 பேரோடும் 50 கிலோ ஹெராயினோடும் மாட்டியது.

பாம்பன்காரன்:
ஸ்டார்போர்டு, நீங்கள் சொன்ன ரெண்டாவது கதையில் “முன்கூட்டியே நிறுத்தினார்கள்” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதுதான் விஷயம்.

எங்கள் பக்கத்துக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்தில் காவல்படை நிலையம். அங்கிருந்து தனுஷ்கோடிக் கடைசியில் உள்ள அரிச்சல்முனை நேர்கோட்டில் சுமார் 35 கிலோமீட்டர். நடுவில் மணல் திட்டு, கடலடிப் பார் (பாறை) எல்லாம் சுற்றிப் போக வேண்டும், அதை விடுங்கள். 45 நாட்டில் போனால் 25 நிமிடம். அரிச்சல்முனையிலிருந்து இலங்கை எல்லைக்கோடு கிட்டத்தட்ட 10, 11 கிலோமீட்டர்தான். ரெண்டு இன்ஜின் மாட்டிய ஃபைபர் படகு 25 நாட்டில் போகிறது என்று வையுங்கள், கால் மணி நேரத்தில் அந்தப் பக்கம் போய்விடும். போன் வந்து, படகைக் கட்டவிழ்த்து, கிளம்பிப் போய்ச் சேரும்போது அவன் தலைமன்னார் பக்கம் டீ குடித்துக்கொண்டிருப்பான். 45-ஐ 60 ஆக்கினாலும் இதே கதைதான்.

ஸ்டார்போர்டு:
கரையில் கட்டிக் கிடக்கிற படகை வைத்துக் கணக்குப் போட்டால் அப்படித்தான் வரும். ரோந்தில் இருக்கிற படகை எடுத்துக்கொள்ளுங்கள். ரேடாரில் 5 கடல் மைல் தள்ளி ஒருத்தன் 25 நாட்டில் ஓடுகிறான். 45 நாட் படகு அவனை 15 நிமிடத்தில் எட்டிவிடும். 33 நாட் ரோந்துக் கப்பலுக்கு 37 நிமிடம் ஆகும், அதற்குள் எல்லை வந்துவிடும். ஓடுகிறவனுக்கும் துரத்துகிறவனுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம், மொத்த வேகம் இல்லை. எல்லை பக்கத்தில் இருக்கிற கடலுக்குத்தான் இந்த 12 நாட் கூடுதல் வேகம் அதிகம் தேவை.

டீசல்புகை:
மெரைன் இன்ஜின் வேலை பார்ப்பவன், அதனால் இந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

45 என்பது நல்ல கடலில், சுத்தமான அடிப்பாகத்தோடு எடுக்கிற எண். இந்த வகைப் படகு வேகம் பிடித்ததும் தண்ணீரை அறுத்துப் போகாமல் மேலே ஏறி வழுக்கிப் போகும். அலை கொஞ்சம் எழும்பினாலே முகப்பு தூக்கித் தூக்கி அடிக்கும். ஆடி மாதக் கச்சான் (தென்மேற்குக்) காற்றில் மன்னார் வளைகுடாவில் முழு வேகத்தில் ஓட்டச் சொல்லுங்கள், உள்ளே நிற்பவன் முழங்காலும் முதுகும் என்ன ஆகிறது என்று தெரியும். வேகத்தைக் குறைத்தே தீர வேண்டும்.

டீசல் அடுத்த கதை. 500 கடல் மைல் ஓடும் என்று போட்டிருப்பது 25 நாட் வேகத்துக்கு. அதாவது 20 மணி நேரம். 45-ல் அழுத்தினால் அந்தத் தூரம் கிடைக்காது. துரத்திவிட்டுத் திரும்பி வரவும் டேங்கில் வேண்டும் இல்லையா?

வாட்டர்ஜெட்டைப் பாராட்டுகிறேன். வெளியே சுற்றும் இறக்கை கிடையாது, ஆழமில்லாத இடத்தில் தைரியமாகப் போகலாம். பின்னால் பீய்ச்சும் தண்ணீரை ஒரு மூடி இறங்கி முன்பக்கம் திருப்பிவிடும், படகு அப்படியே குத்தி நிற்கும். ஆனால் அடியில் தண்ணீரை உறிஞ்சும் வாய் இருக்கிறதே, அதில் கம்பி வலை போட்டிருந்தாலும் அறுந்த நைலான் வலைத் துண்டு, கடல்பாசி, பிளாஸ்டிக் பை எல்லாம் வந்து அப்பும். வேகம் சரியும். நிறுத்தி, எதிர்ப்பக்கம் தண்ணீர் அடித்துக் கழுவப் பார்ப்பார்கள். போகாவிட்டால் கையால் எடுக்க வேண்டியதுதான். பாக் நீரிணையில் வலைத் துண்டுக்குப் பஞ்சமா?

அலுமினியத்துக்கு உப்புத் தண்ணீரில் தனிக் கவனிப்பு வேண்டும். அடியில் கட்டும் துத்தநாகக் கட்டிகள் தேய்ந்ததும் மாற்றாவிட்டால் கடல் உடம்பையே தின்ன ஆரம்பிக்கும். படகு வாங்கும்போது போட்டோ எடுப்பார்கள். துத்தநாகம் மாற்றும்போது யார் எடுக்கிறார்கள்?

தரைவாசி:
ஒரு சந்தேகம். மண்டபத்தில் ஹோவர்கிராஃப்ட் இருக்கிறதே, மணல் மேலேயே ஏறிப் போகும். அப்புறம் படகு எதற்கு?

பாம்பன்காரன்:
இருக்கிறது தம்பி. கிரிஃபன் 8000 ரகம். மணல் திட்டுக்கு மேலே அது போகிற மாதிரி எதுவும் போகாது, சந்தேகமே இல்லை. சத்தம்தான் பிரச்சினை. அது கிளம்பினால் ஊருக்கே தெரியும், கடத்துகிறவனுக்குத் தெரியாதா? கீழே காற்றைப் பிடித்து வைக்கிற ரப்பர் பாவாடையும் தேய்ந்துகொண்டே இருக்கும்.

வள்ளம்:
எல்லாரும் துரத்துவதையே பேசுகிறீர்கள். நாங்கள் அங்கே தொழில் பார்க்கிறோம் என்பது யாருக்கும் நினைவு வரவில்லை. இந்தப் படகு கிட்டத்தில் போனால் எழும்பும் அலையில் வள்ளம் கவிழப் பார்க்கும். ராத்திரி வலை விட்டு விளக்கை வைத்துக்கொண்டு காத்திருப்போம், மிதவை இருட்டில் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது, வலை அறுந்துபோகும். அதற்கு நஷ்டஈடு யாரிடம் கேட்பது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தெரியாத படகு ஒன்று நிற்கிறது, இன்ஜின் சத்தம் புதிதாக இருக்கிறது, லைட் போடாமல் போகிறது என்பதெல்லாம் முதலில் எங்கள் கண்ணில்தான் படும். சொன்னால் என்ன ஆகும்? “நீ அந்த நேரத்தில் அங்கே என்ன செய்தாய், டோக்கன் (கடலுக்குப் போகிற அனுமதிச் சீட்டு) எங்கே, அடையாள அட்டை எங்கே” என்று ஆரம்பிப்பார்கள். அப்புறம் எவன் சொல்லுவான்?

நங்கூரம்:
வள்ளம் அண்ணே, நான் கேட்க நினைத்ததை நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

ஸ்டார்போர்டுக்கு: 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆட்கள் ஆழ்கடலில் மாட்டிக்கொண்டார்கள். கரையில் அழுதுகொண்டு நின்ற குடும்பங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: “இன்னும் தள்ளிப் போய்த் தேடுங்கள்.” அந்தத் தூரத்துக்கும் அந்தக் கடலுக்கும் 45 நாட் படகு எதற்கு ஆகும்? நாள்கணக்கில் கடலில் நிற்கிற பெரிய கப்பலும், டோர்னியர் விமானமும், மீனவன் படகிலேயே இருக்கும் இடத்தைச் சொல்கிற ஒரு டிரான்ஸ்பாண்டர் கருவியும்தான் வேண்டும். ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் திட்டம் தொடங்கியது 2024 ஆகஸ்டில். எது முதலில் வந்திருக்க வேண்டும்?

ஸ்டார்போர்டு:
ஆம்புலன்ஸ் தீயை அணைக்கவில்லை என்று திட்டுவது மாதிரி இருக்கிறது. இன்டர்செப்டர் கரையோரத்துக்கு. ஆழ்கடலுக்குப் பெரிய கப்பல் வேண்டும் என்பதை யார் மறுத்தார்கள்? அதுவும் வேண்டும், இதுவும் வேண்டும்.

உங்கள் ஊர்க் கதையையே சொல்கிறேன். 2023 பிப்ரவரியில் மண்டபம் பக்கம் துரத்தலில் கடலில் வீசிய தங்கத்தை முக்குளித்து எடுத்தார்கள், 17.74 கிலோ. அதே ஆண்டு மே கடைசியில் இரண்டு படகுகள், மொத்தம் 32 கிலோவுக்கு மேல். அதிலும் ஒரு பகுதி கடலில் வீசியதுதான். ஏன் வீசினான்? தப்ப முடியாது என்று தெரிந்ததால். பின்னால் 10 நாட்டில் ஒரு படகு வந்திருந்தால் கையசைத்துவிட்டுப் போயிருப்பான்.

நங்கூரம்:
இரண்டிலும் தகவல் டிஆர்ஐ (மத்திய வருவாய்ப் புலனாய்வுத் துறை) கொடுத்தது.

ஸ்டார்போர்டு:
தகவலே போய்ப் படகை மறிக்காது சார்.

டீசல்புகை:
சண்டை நடக்கட்டும். எனக்கு வேறு கவலை. காவல்படை ஓரளவு பராமரித்துவிடும், யார்டு இருக்கிறது, ஆள் இருக்கிறது. கரையை ஒட்டிப் பார்க்க வேண்டிய மரைன் போலீசுக்கும் வேகப் படகு கொடுத்தார்கள். அவை டீசல் இல்லாமலும் பழுது பார்க்க ஆள் இல்லாமலும் படகுத் துறையில் கட்டிக் கிடப்பதைப் பல மாநிலங்களில் தணிக்கை அறிக்கைகளே எழுதியிருக்கின்றன. அங்கே ஓட்டை இருந்தால் வெளியே எத்தனை நாட்டில் ஓடி என்ன?

வள்ளம்:
அந்த ஓட்டை வழியாகத்தான் பீடி இலையும் மஞ்சளும் போகிறது, கடலட்டை போகிறது. 2001-லிருந்து கடலட்டைக்குத் தடை. நாங்கள் வலையில் தானாக ஏறிய நாலு அட்டையோடு வந்தாலே கேஸ். மூட்டை மூட்டையாக அனுப்புகிறவனைப் பிடிக்க 45 நாட் வேண்டாம், கரையில் லாரி நிற்கிற இடத்துக்கு ராத்திரி ஒரு ஆள் நடந்து போனால் போதும்.

தரைவாசி:
அப்போ வேகப் படகு வேண்டாமா அண்ணே?

வள்ளம்:
வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? என் தம்பி இன்ஜின் நின்று நீவாடு (நீரோட்டம்) இழுத்துக்கொண்டு போனால் எல்லைக்கு முன்னால் எட்டிப் பிடிக்க அதே படகுதான் வர வேண்டும். எங்கள் வலை கிடக்கிற பக்கம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.