காப்பி-ஆன்-ரைட்: லாக் எங்கே போடுவது?

வணக்கம். பி.இ. மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்துக்காக எம்ஐடி கற்பிப்பதற்காக எழுதிய எக்ஸ்வி6 என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில், ரிஸ்க்-ஃபைவ் பிராசஸருக்கான பதிப்பில், பயிற்சி செய்கிறேன். சின்ன கர்னல், ஒரே ஆள் முழுசாகப் படித்துவிடலாம். அதனாலேயே எனக்குப் பிடிக்கும்.

காப்பி-ஆன்-ரைட் என்றால் எழுதும்போது மட்டும் பிரதி எடுப்பது. அதன்படி, ஃபோர்க் செய்யும்போது (ஒரு பிராசஸ் தன்னைப் போல இன்னொன்றை உருவாக்கும்போது) 4096 பைட் மெமரி பேஜ்களைப் பிரதி எடுக்காமல், பேரன்ட்டும் சைல்டும் பகிரும்படி மாற்றிவிட்டேன். எழுதும் அனுமதி இரண்டு பக்கமும் கிடையாது. எழுதப் போனால் பேஜ் ஃபால்ட் வந்து கர்னலிடம் போகும், அப்போது புதுப் பேஜ் கொடுக்கிறேன். பிராசஸின் மெமரிக்கு டேட்டா அனுப்பும் காப்பிஅவுட் ஃபங்ஷனில் கர்னலே பேஜ் டேபிளைத் தேடி எழுதுவதால் ஃபால்ட் வராது. அங்கேயும் தனியாகச் சோதனை வைத்தாயிற்று.

சிக்கல் ரெஃபரன்ஸ் கவுன்ட்டில்தான், அதாவது ஒரு பேஜை எத்தனை பிராசஸ் பகிர்கின்றன என்ற எண்ணிக்கையில். ஒரு சிபியுவில் ஓட்டினால் எக்ஸ்வி6-ஓடு வரும் யூசர்டெஸ்ட்ஸ் சோதனைகள் எல்லாம் பாஸ். மூன்று சிபியு என்றால் சில சமயம் ஃப்ரீ பேஜ் குறைகிறது என்று ஃபெயில் ஆகிறது. இரண்டு பிராசஸும் ஒரே நேரத்தில் ஃபால்ட் ஆகி, இரண்டுமே கவுன்ட்டை 2 என்று படித்துவிடுகின்றனவோ என்று சந்தேகம்.

கவுன்ட்டைக் குறைத்து, பூஜ்யமா என்று பார்க்கும் இடத்தில் மட்டும் லாக் (ஒரு நேரத்தில் ஒரு சிபியுவை மட்டும் உள்ளே விடும் பூட்டு) பிடித்தால் போதுமா? இல்லை, பேஜைப் பிரதி எடுத்து முடிக்கும்வரை பிடிக்க வேண்டுமா? கவுன்ட் 1 என்றால் பிரதி எடுக்காமல் அனுமதியை மட்டும் திருப்பித் தருகிறேன், அங்கேயும் ஓட்டை இருக்குமோ?

முழு கோடு வேண்டாம், அசைன்மென்ட் ஆச்சே. எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்று சொன்னால் போதும். அப்புறம், ஜிடிபி டீபக்கரில் இந்த மாதிரி ரேஸை (ஒரே டேட்டாவில் இரண்டு சிபியு மோதிக்கொள்வதை) பிடிக்க வழி தெரிந்தவர்கள் அதையும் சொல்லுங்கள்.