ரியாக்டிவ் ஆர்த்ரைட்டிஸ்: எம்02.3 போட்டது தப்பா?

நெல்லை கோடர்:
டாக்டர் எழுதும் சார்ட்டைப் படித்து, நோய்க்கான ஐசிடி-10 கோட் போடுவது என் வேலை. நேற்று ஒரு சார்ட்டுக்கு ஆடிட்டில் இரண்டு எரர் விழுந்தது. எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன். அமெரிக்க ரூமட்டாலஜி ஓபி சார்ட். நோயாளிக்கு மூன்று வாரத்துக்கு முன் வயிற்றுப்போக்கு. மலப் பரிசோதனையில் காம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியா. அது அடங்கிய பிறகு வலது முட்டி வீங்கிவிட்டது. முட்டியில் எடுத்த நீரில் கிருமி எதுவும் வளரவில்லை. டாக்டரின் அசெஸ்மென்ட்: "காம்பைலோபாக்டர் குடல் தொற்றுக்குப் பின் ரியாக்டிவ் ஆர்த்ரைட்டிஸ், வலது முட்டி. வயிற்றுப்போக்கு முழுவதும் நின்றுவிட்டது."

நான் போட்டது எம்02.361, அதாவது வலது முட்டியில் ரியாக்டிவ் ஆர்த்ரைட்டிஸ் (வேறிடத்துத் தொற்றைத் தொடர்ந்து மூட்டு வீங்குவது). ஆடிட்டர் எம்02.161 என்கிறார். முதல் கோடாக ஏ04.5 (காம்பைலோபாக்டர் குடல் தொற்று) வரவேண்டும் என்பது இரண்டாவது எரர்.

ஆடிட் மேசை:
உங்கள் ஆடிட்டர் பக்கம்தான் நான். எம்02.1 என்பது குடல் தொற்றுக்குப் பின் வரும் மூட்டு நோய்க்கென்றே இருக்கிறது. டாக்டர் காரணத்தைத் தெளிவாக எழுதிக் கொடுத்திருக்கிறார். குறிப்பான கோட் இருக்கும்போது பொதுவான கோடுக்கு ஏன் போகவேண்டும்?

நெல்லை கோடர்:
சார், எம்02.1-இன் தலைப்பு 'போஸ்ட்டிசென்ட்ரிக்'. டிசென்ட்ரி என்றால் சீதபேதி. டாக்டர் அந்த வார்த்தையை எங்கேயும் எழுதவில்லை. கோட் புத்தகத்தின் அகரவரிசை இன்டெக்ஸில் 'ஆர்த்ரைட்டிஸ், ரியாக்டிவ்' என்று தேடினால் நேராக ரைட்டர்ஸ் டிசீஸுக்கு (இதே நோயின் பழைய பெயர்) போகச் சொல்கிறது. டேபுலரில், அதாவது கோட் எண் வரிசைப் பட்டியலில், எம்02.3-க்குக் கீழேயே 'ரியாக்டிவ் ஆர்த்ரைட்டிஸ்' என்று அச்சிட்டிருக்கிறது. டாக்டர் எழுதிய சொல் அங்கே எழுத்துப் பிசகாமல் இருக்கும்போது, எழுதாத சொல்லை நானாக எப்படி ஊகிக்க முடியும்?

மூட்டு டாக்டர்:
நான் கோடர் இல்லை, வாத நோய்ப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்களுக்கு இது ஒரே நோய்தான். கிளமிடியாவால் சிறுநீர்ப் பாதையில் தொடங்கினாலும், சால்மோனெல்லா, ஷிகெல்லா, யெர்சினியா, காம்பைலோபாக்டரால் குடலில் தொடங்கினாலும், பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு வாரத்துக்குள் முட்டியோ கணுக்காலோ வீங்கும். சிலருக்குக் கண்ணும் சிவக்கும். ஹெச்எல்ஏ-பி27 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். மூட்டு நீரை கல்ச்சர் செய்தால் கிருமி வளராது. அதனால் தயவுசெய்து யாரும் இதை எம்00 பக்கம் கொண்டுபோய்விடாதீர்கள். அது மூட்டுக்குள்ளேயே சீழ் பிடிக்கும் நோய். அதற்கான சிகிச்சையே வேறு.

ஆடிட் மேசை:
நன்றி டாக்டர். சரி, எம்02.3-ஐ விட்டுக்கொடுக்கிறேன் என்றே வைத்துக்கொள்வோம். ஏ04.5? எம்02-இன் தலைப்பிலேயே 'கோட் ஃபர்ஸ்ட்' (அடிப்படை நோயின் கோடை முதலில் போடு) என்ற குறிப்பு இருக்கிறது, யெர்சினியா குடல் தொற்று ஏ04.6 என்று உதாரணமும் கொடுத்திருக்கிறது. யெர்சினியாவுக்கு ஒரு நியாயம், காம்பைலோபாக்டருக்கு ஒரு நியாயமா? அடிப்படை நோய் முதலில் வரவேண்டும்.

நெல்லை கோடர்:
அந்தத் தொற்று இப்போது இல்லையே! "முழுவதும் நின்றுவிட்டது" என்று டாக்டரே எழுதியிருக்கிறார். இல்லாத தொற்றை இருப்பதாகக் காட்டி இன்சூரன்ஸ் கிளெய்ம் போகவேண்டுமா? வேண்டுமானால் இசட்86.19, அதாவது முன்பு தொற்று இருந்தது என்ற கோட் சேர்க்கலாம்.

கோவை ட்ரெய்னர்:
எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. தொற்று போய், அதன் விளைவு மட்டும் நிற்கிறது என்றால் அது சீக்வெலா. விளைவு முதலில், தொற்றின் பின்விளைவு என்று காட்டும் பி94.8 இரண்டாவது. கைடுலைனின் சீக்வெலா பகுதியை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

ஆடிட் மேசை:
அப்படிச் செய்தால் 'கோட் ஃபர்ஸ்ட்' தலைகீழாகிவிடும் அக்கா. டேபுலர் குறிப்பு ஒன்று சொல்லும்போது நாம் வரிசையை மாற்ற முடியாது.

பழைய 099:
வரிசைச் சண்டைக்கு நடுவே ஒன்று சொல்லவேண்டும். ஐசிடி-10-க்கு முந்தைய ஐசிடி-9 காலத்தில் இந்த நோய்க்கு 099.3. அந்த 099 'மற்ற பால்வினை நோய்கள்' என்ற தலைப்பில் இருந்தது. கெட்டுப்போன கோழிக்கறி சாப்பிட்டு முட்டி வீங்கியவருக்கும் அதே தலைப்புதான். 2015 அக்டோபரில் அமெரிக்கா ஐசிடி-10-க்கு மாறியபோது இது எலும்பு-மூட்டு அத்தியாயத்துக்கு வந்தது. அன்று எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. ஆனால் பெயர் மாறவில்லை. ஹன்ஸ் ரைட்டர் நாஜி அரசின் சுகாதாரத் துறைத் தலைவர். புக்கன்வால்ட் முகாமில் கைதிகள் மீது நடந்த டைஃபஸ் பரிசோதனைகளில் பங்குள்ளவர். 1942-இல் அந்தப் பெயரைச் சூட்டிய இருவரில் ஒருவரான எங்கில்மனே 2007-இல் சேர்ந்து கையெழுத்திட்டு அதைத் திரும்பப் பெற்றார். அப்புறமும் நோயாளி தன் ரிப்போர்ட்டைத் திறந்தால் 'ரைட்டர்ஸ் டிசீஸ், வலது முட்டி' என்றுதான் பார்க்கிறார்.

நெல்லை கோடர்:
அது தெரியாமல்தான் இத்தனை நாள் போட்டிருக்கிறேன் ஐயா. படித்ததும் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் பெயர் பிடிக்கவில்லை என்று எம்02.8 ('மற்ற ரியாக்டிவ் மூட்டு நோய்கள்') போட்டால் அது தவறான கோட் ஆகிவிடும். மாற்றவேண்டியது புத்தகத்தை வெளியிடுகிறவர்கள்.

பழைய 099:
போடாதே என்று சொல்லவில்லை. எம்02.361-தான் சரி. யாருடைய பெயரைப் போடுகிறோம் என்று தெரிந்து போடவேண்டும் என்கிறேன்.

மூட்டு டாக்டர்:
நாங்கள் "குடல் தொற்று நின்றுவிட்டது" என்று எழுதும்போது வயிற்றுப்போக்கு நின்றதைத்தான் பெரும்பாலும் சொல்கிறோம். கிருமி போனதா என்பது வேறு கேள்வி. அதை நீங்களே முடிவு செய்யாமல் எங்களிடம் கேளுங்கள்.

ஆடிட் மேசை:
இதை ஒத்துக்கொள்கிறேன். இந்தச் சார்ட்டில் டாக்டருக்கு குவெரி, அதாவது விளக்கம் கேட்கும் கேள்வி, அனுப்பியிருக்கவேண்டும். என் கையில் வந்திருந்தால் முதல் எரரை எடுத்திருப்பேன். ஏ04.5 விஷயத்தில் பதில் வரும்வரை என் கருத்து மாறாது.

நெல்லை கோடர்:
இப்படி அனுப்பலாமா? "காம்பைலோபாக்டர் குடல் தொற்று இந்த விசிட்டின்போது எந்த நிலையில் இருந்தது என்று குறிப்பிடவும்: இன்னும் உள்ளது / குணமாகிவிட்டது / வேறு / சொல்ல இயலவில்லை."

கோவை ட்ரெய்னர்:
எந்தப் பதிலுக்கும் தள்ளாத கேள்வி, நன்றாக இருக்கிறது. மலப் பரிசோதனைத் தேதியையும் சேர்த்து அனுப்பு. குணமாகிவிட்டது என்று வந்தால் நான் மறுபடி பி94.8-க்கு வாதாட வருவேன்.